மருவைத் தேடி 318 வெள்ளி போன கணக்கு

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு மாதம், 318 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பூக்கடையில் 15, எண்ணெய்க்கு 62, விதைக்கு 30, செடிக்கு 70, மண்ணும் உமிக்கரியும் 38, மாத்திரை டப்பா 89, காய்ந்த இலைப் போத்தல் 14. இதில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தக் கடைசி 14 வெள்ளியும், மண்ணுக்குப் போட்ட 38 வெள்ளியும், வாங்கிய ஐந்து செடிகளில் பிழைத்த ஒன்றும்தான். மற்றதெல்லாம் தண்டம். சாப்பிட்டதும் வயிறு பலூன் மாதிரி ஊதுகிற தொல்லைக்கு மார்ஜோரம் என்ற வாசனை இலையில் போடும் தேநீர் நல்லது என்று கேள்விப்பட்டதில் ஆரம்பித்தது இது. கோலாலம்பூரில் இதைத் தேடுகிறவர்களிடம் 'கொஞ்சம் நில்லுங்கள்' என்று சொல்ல எனக்கு ஆளில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முதல் வம்பு பெயரில். மார்ஜோரத்துக்குத் தமிழில் மரு, மருவு என்று பெயர். கைபேசியில் 'மரு' என்று தட்டினால் வருவதெல்லாம் கழுத்தில் தொங்கும் மருவை உதிர வைப்பது எப்படி என்ற வைத்தியம். சரி, பூக்காரர்களுக்குத் தெரியாததா என்று பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பூக்கடையில் போய், "அக்கா, மரு இருக்கா?" என்று கேட்டேன். "மரிக்கொழுந்துதானேம்மா? எத்தனை கட்டு?" என்று ஈரத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். கட்டு 5 வெள்ளி. மூன்று வாரம், மூன்று கட்டு. தேநீர் என்று போட்டுக் குடித்தது கசந்தது. வாசனையோ அத்தர் கடைக்குள் நுழைந்தது போல. உடம்புக்கு நல்லது கசக்கத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குடித்த என் புத்தியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த அக்கா ஏமாற்றவில்லை. பூக்கடையில் மரு என்று கேட்டால் யாரும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

மரிக்கொழுந்து வேறு, மரு வேறு. மரிக்கொழுந்து சாமந்திக் குடும்பம், ஆர்ட்டிமீசியா பாலன்ஸ். தென்னிந்தியச் செடி, மாலையிலும் கதம்பத்திலும் சேர்ப்பது, வாசனைத் தைலம் எடுப்பது. மரு துளசிக் குடும்பம், ஓரிகானம் மஜோரானா. சைப்ரஸ், துருக்கிப் பக்கத்துச் செடி. பெயர் குழம்பியதற்குக் காரணம், நம் ஊர்ப் பக்கம் இரண்டையுமே மாலையில் கட்டுவார்கள். அடையாளம் காண ஒரு கிளையைக் கண்ணருகே கொண்டுபோனால் போதும். மரிக்கொழுந்தின் இலை கேரட் இலை மாதிரி பிசிறு பிசிறாகக் கிழிந்திருக்கும், வெள்ளி பூத்த சாம்பல் நிறம். மருவின் இலை முழு இலை. சுண்டு விரல் நகத்தளவு, முனை மழுங்கிய முட்டை வடிவம், ஓரத்தில் பல் கிடையாது, தொட்டால் வெல்வெட். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நிற்கும். தண்டை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு முனை தட்டுப்படும். துளசித் தண்டும் அப்படித்தான். பூக்கத் தொடங்கும்போது நுனியில் பச்சை நூலை முடிச்சுப் போட்ட மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள் வரும், இந்த முடிச்சு மருவின் அடையாளம். கசக்கினால் மரிக்கொழுந்து பழவாசனை கலந்த இனிப்பு. மரு இனிப்போடு லேசான பைன் மர வாசனை, பின்னால் துளி எலுமிச்சை. இன்னொன்று, பூக்கடைக்கு வருவது தலைக்கும் சாமிக்கும். வாயில் போடுவதற்கென்று யாரும் அதை வளர்ப்பதில்லை, என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று கேட்டறியவும் வழியில்லை. எந்த இலையானாலும் பூக்கடையிலிருந்து சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பேரங்காடியில் இருக்கும் ஓரிகனோ மருவின் ஒன்றுவிட்ட அண்ணன். அதே ஓரிகானம் இனம், ஆனால் இலை பெரிது, பச்சை அதிகம், கார்வக்ரோல் என்ற பொருளால் காரமும் நெடியும் தூக்கலாக இருக்கும். நம் வீட்டு வாசலில் தானாக மண்டிக் கிடக்கும் கற்பூரவள்ளியை 'கியூபா ஓரிகனோ' என்று தொட்டியில் வைத்து விற்கிறார்கள், அது மூன்றாவது செடி. மரு கிடைக்காத நாளில் ஓரிகனோ போடலாம், சொன்ன அளவில் பாதி. கற்பூரவள்ளி என்றால் கால் பங்குக்கு மேல் போனால் குழம்பு இருமல் கஷாயம் ஆகிவிடும்.

எண்ணெயில் விழுந்த குழி இன்னும் ஆழம். இணையத்தில் மார்ஜோரம் எண்ணெய் 10 மில்லி, 62 வெள்ளி. திறந்தால் யூகலிப்டஸ் நெடி மூக்கில் ஏறியது. லேபிளை மறுபடி படித்தபோதுதான் 'ஸ்பானிஷ்' என்ற சொல் பொடி எழுத்தில் கண்ணில் பட்டது. ஸ்பானிஷ் மார்ஜோரம் என்பது தைமஸ் மாஸ்டிகினா, தைம் வகைச் செடி. யூகலிப்டஸில் இருக்கும் சினியோல்தான் அதிலும் பிரதானம். நிஜ மருவின் எண்ணெய் 'ஸ்வீட் மார்ஜோரம்' என்ற பெயரில் வரும், அதில் முக்கியமானது டெர்பினென்-4-ஆல். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், தாவரப் பெயரில் மஜோரானா என்று இருக்கிறதா என்று பாருங்கள். சரியான எண்ணெயே கிடைத்தாலும் உள்ளே குடிக்கிற சமாச்சாரம் இல்லை. தோலில் தடவ 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 12 சொட்டு, அதுதான் இரண்டு விழுக்காடு. நேரடியாகத் தடவினால் சிவந்து எரியும்.

அடுத்து வளர்ப்பு. பணத்தைவிட நேரம் அதிகம் போனது இங்கேதான். விதை தூசி மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் பறக்கும். முதல் பாக்கெட்டை அரை அங்குல ஆழத்தில் புதைத்தேன், ஒன்றுகூட வரவில்லை. மண்ணின் மேல் தூவி விரலால் அழுத்தினாலே போதும், மூடக்கூடாது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும், அதனால் தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். இரண்டாவது பாக்கெட் 12 நாளில் முளைத்தது. பச்சைப் பொட்டு வைத்த மாதிரி நாற்பது ஐம்பது. சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் பாதி நாற்று மண்மட்டத்தில் இடுப்பொடிந்த மாதிரி சாய்ந்து கிடந்தது. தண்டு அந்த இடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. நாற்றழுகல் நோய், ஈர மண்ணில் இருக்கும் பூஞ்சை வேலை. மிச்சப் பாதியும் இரண்டு நாளில் போய்விட்டது. மூன்றாவது பாக்கெட்டும் அதே கதி. நம் காற்றின் ஈரத்தில் விதையோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு நல்ல செடியை வாங்கி அதிலிருந்து குச்சி வெட்டுவதுதான் இங்கே வழி.

செடி வாங்க சுங்கை பூலோ நர்சரி வரிசைக்குப் போகலாம். பழைய தொழுநோய்க் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த நர்சரிகள் அவை, சாலை நெடுகிலும் கடை. எல்லாக் கடையிலும் மரு இருக்காது, இருந்தாலும் பலகையில் ஓரிகனோ என்றோ வேறு ஏதோ பெயரோ எழுதியிருக்கும், இலையைக் கசக்கிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தொட்டி 14 வெள்ளி வீதம் ஐந்து வாங்கினேன். கேமரன் மலைக் குளிரில் வளர்ந்த செடி கீழே வந்ததும் ஒரு வாரம் மலர்ச்சியாக நிற்கும், பிறகு அடியிலை மஞ்சளாகும், பிறகு நடுக்கிளை கறுக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், அதுதான் கொலை. நான்கு செடியை நானே தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். நான்காவதைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாகி, பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. சாக்கடை நாற்றம். வேரழுகல். வெயிலில் வாடுகிற செடியும் வேர் அழுகுகிற செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் தொங்கும். தண்ணீர்க் குவளையைத் தூக்கும் முன் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வையுங்கள்.

காரணம் மண்ணும் மழையும். நர்சரிக்காரர்கள் நிரப்பித் தரும் கறுப்பு மண்ணில் தென்னை நார்த்தூள் அதிகம், நாள்கணக்கில் ஈரம் பிடித்து வைக்கும். மரு மலைச்சரிவுக் கல்மண்ணில் வளர்ந்து பழகிய செடி. கடைசியில் நிலைத்த கலவை இது: இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு கரடு மணல், ஒரு பங்கு கருகிய உமி. இங்கே நர்சரியில் 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் கொடுப்பார்கள். எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பு, ஏனென்றால் நம் மண் புளிப்பு, மருவுக்குப் புளிப்பு ஆகாது. தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும், பக்கவாட்டில் ஈரத்தை விடும். பிளாஸ்டிக் என்றால் அடியில் இன்னும் நான்கு ஓட்டை போடுங்கள். வைக்கிற இடம் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகல் மழை நேராக அடிக்காத இடம். தரை வீட்டுக்காரர்களுக்கு அஞ்சடி (வீட்டு முன்பக்கம் கூரை போட்ட நடை) ஓரம், கொண்டோவில் கிழக்குப் பார்த்த பால்கனியின் உள்பக்கம். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் மழை பேய் மழை, அந்த மாதங்களில் கூரைக்கு வெளியே ஓர் அங்குலம்கூட வைக்காதீர்கள். கூரைக்குள் வைத்தால் ஒரு தண்டனை உண்டு, மழை கழுவாததால் இலைக்கு அடியில் சிலந்திப்பேன் வரும். இலை புள்ளி புள்ளியாக வெளுத்தால் திருப்பிப் பாருங்கள், மெல்லிய வலை தெரியும். வாரம் ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும், மருந்து வேண்டாம், சாப்பிடுகிற செடி.

குச்சி வெட்டுவது சுலபம். பூ முடிச்சு வராத இளங்கிளையை எட்டு சென்டிமீட்டர் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, மணலும் நார்த்தூளும் சரிபாதி கலந்த சின்னக் குவளையில் செருகி நிழலான வெளிச்சத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடச் சொல்வார்கள், அது வறண்ட ஊருக்கு. இங்கே மூடினால் அழுகும். மூன்று வாரத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். எட்டு குச்சியில் எனக்கு ஐந்து பிடித்தது. பத்து சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். அறுவடை முடிச்சு விரியும் முன், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

சமையலுக்கு மட்டும் என்றால் இத்தனை பாடும் தேவையில்லை. காய்ந்த இலைப் போத்தல் ஒன்று ஆறு மாதம் வரும். பொடியாக இல்லாமல் இலையாக இருப்பதை, சாம்பல் கலந்த பச்சையாக இருப்பதை வாங்குங்கள். வைக்கோல் நிறம் என்றால் வாசனை போய்விட்டது. வீட்டு இலையைக் காயவைக்க நினைத்து நம் ஆட்கள் கறிவேப்பிலை மாதிரி கட்டித் தொங்கவிடுவார்கள். நானும் விட்டேன். ஐந்தாம் நாள் கட்டின் நடுவில் வெள்ளைப் பூஞ்சணம். இங்கே எளிய வழி குளிர்பெட்டி: தட்டில் தாள் விரித்து இலையை ஒற்றை அடுக்காகப் பரப்பி மூடாமல் மூன்று நான்கு நாள். அடுப்பு என்றால் 50 டிகிரிக்கு மேல் போகாமல், கதவில் மரக்கரண்டி செருகி ஒன்றரை மணி நேரம். காம்பு சடக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம். பச்சையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சைத் தரும் கிருமி வளரும். எண்ணெயோடு சேர்த்துப் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்தால் பயமில்லை.

சமையலில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்தால் போதும், மரு கடைசியில்தான் விழ வேண்டும். இனிப்பு வாசனை தரும் பொருள் சூட்டில் சிதைந்துவிடும். சாம்பாரில் பருப்போடு போட்டுக் கொதிக்கவிட்டேன், இறக்கியபோது வாசனை காற்றில், கசப்பு குழம்பில். பச்சை இலை ஒரு மேசைக்கரண்டி என்றால் காய்ந்தது ஒரு தேக்கரண்டி. நம் சாப்பாட்டில் இது அழகாகச் சேர்கிற இடம் மிளகு ரசம். அடுப்பை அணைத்துவிட்டு கொத்தமல்லிக்குப் பதில் ஒரு தேக்கரண்டி பச்சை இலையை நறுக்கிப் போட்டு இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். 400 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து மொறுமொறுப்பாகப் பிரட்டி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி காய்ந்த இலையை உள்ளங்கையில் நசுக்கித் தூவி எலுமிச்சை பிழியுங்கள். ஜெர்மன்காரர்கள் உருளைக்கிழங்கு சூப்பிலும் பட்டாணி சூப்பிலும் சாசேஜிலும் இதைப் போடுவதும், போலந்தில் புளித்த ரை மாவில் வைக்கும் ஷூரெக் சூப்பில் இது இல்லாமல் முடியாததும் இந்தக் கிழங்கைத் தின்றால் புரியும். கோழிக்கு மட்டும் முதலிலும் கடைசியிலும் இரண்டு தடவை: அரைக் கிலோவுக்கு தயிர் மூன்று மேசைக்கரண்டி, பூண்டு நான்கு பல், மிளகு, உப்போடு அரைத் தேக்கரண்டி காய்ந்த இலையைப் பிசறி இரண்டு மணி நேரம் ஊறவிட்டுப் பொரித்து, பரிமாறும்போது பச்சை இலை தூவினால் தயிரில் ஊறிய வாசனையும் நிற்கும். முட்டை, தக்காளி, காளான், பயறு எதுவும் ஒத்துவரும். தேங்காய்ப்பால் குழம்பிலும் மீன் தலைக் கறியிலும் வீணாக்காதீர்கள், சோம்பும் மசாலாவும் அதை விழுங்கிவிடும்.

இனி மருத்துவம். 89 வெள்ளி மாத்திரை டப்பாவில் 'இரும்புச்சத்து நிறைந்தது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொய்யில்லை, 100 கிராம் காய்ந்த மருவில் 82 மில்லிகிராம் இரும்பு, 620 மைக்ரோகிராம் வைட்டமின் கே. ஆனால் ஒரு தேக்கரண்டி காய்ந்த இலை எடையே 0.6 கிராம்தான். அதில் இரும்பு அரை மில்லிகிராம். ஒரு கிண்ணம் பயறு குழம்பு அதைவிட மேல். இலையின் சத்துப் பட்டியலைக் காட்டி விற்கிற எதையும் தேக்கரண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த டப்பாவில் பதிவு எண்ணும் இல்லை. மலேசியாவில் பாரம்பரிய மருந்து என்றால் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் அதன் பின் டி (T) எழுத்தும் இருக்க வேண்டும், கூடவே ஹோலோகிராம் ஒட்டி. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழித்தது காசு கட்டிய பிறகு.

எதற்கு நல்லது என்றால், ஐரோப்பிய மருந்து முகமை நெடுங்காலப் பழக்கத்தை வைத்து லேசான வயிற்று உப்புசம், வாயுத் தொல்லைக்கு இதை ஏற்றிருக்கிறது, மூக்கைச் சுற்றித் தோல் எரிந்தால் களிம்பாகவும். நெடுங்காலப் பழக்கம் என்பது நிரூபணம் அல்ல. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மரு தேநீர் என்று பெண்கள் நடுவே பேச்சு ஓடுகிறது. அதற்கு அடிப்படை ஜோர்தானில் நடந்து 2016இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வு. 25 பேர், ஒரு மாதம், நாளுக்கு இரண்டு வேளை தேநீர். இன்சுலின் நிலை கொஞ்சம் சீரானது, ஆண்தன்மை ஹார்மோன் ஒன்று குறைந்தது. 25 பேர், ஒரு மாதம். இதை நம்பி மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது பைத்தியக்காரத்தனம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், கர்ப்பிணிகள் ரசத்தில் தூவுகிற அளவோடு நிற்க வேண்டும். மாத்திரை, கெட்டி தேநீர், எண்ணெய் எல்லாம் மருத்துவரைக் கேட்டபின். துளசி, புதினா ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

தேநீர் போடும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். நம் கை இஞ்சிக் கஷாயம் மாதிரி கொதிக்கவிடத் துடிக்கும். கொதித்த தண்ணீரை இறக்கி ஒரு நிமிடம் விட்டு, 200 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த இலை, தட்டு போட்டு மூடி ஏழு நிமிடம். மூடாவிட்டால் குணமெல்லாம் ஆவியாகச் சமையலறைக்குத்தான் போகும். திறக்கும்போது தட்டின் அடியில் திரண்டிருக்கும் துளிகளையும் கோப்பைக்குள் தட்டிவிடுங்கள், வாசனை அதில்தான். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் எனக்கு உப்புசம் கொஞ்சம் இறங்குகிறது. தேநீராலா, அதற்காகச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் உட்காருவதாலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது அஞ்சடி ஓரத்தில் மூன்று தொட்டி நிற்கிறது. பிடித்த ஐந்து குச்சியில் இரண்டை, ஓரிகனோ என்று நினைத்து வாங்கிப்போக ஒருவர் வந்தார். இலையைக் கசக்கி முகரச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.